பனிமூட்டத்தில் வெள்ளை சாக்ஸ்

மகனே,

"கல்யாணத்துக்கு நான் வரலைம்மா. வந்தா எல்லாரும் கேப்பாங்க, இப்ப எங்க இருக்கீங்கன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?" என்று நீ ஃபோனில் கேட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். நீ வைத்த பிறகும் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். குக்கர் விசில் அடித்து அடித்து, பருப்பு கூழாகிவிட்டது. உன் அத்தை செலின் வந்து அடுப்பை அணைத்தாள்.

அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். வாயால் சொன்னால் பள்ளிக்கூட அசெம்பிளிப் பேச்சாக மாறிவிடும். எனக்கு அந்த வியாதி உண்டு. எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். வேலை போன பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உன்னைப் போல வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். உன் பெயரை இதில் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. அதற்கு வெட்கம் காரணமல்ல. போகப் போக உனக்கே புரியும்.

கல்யாணம் உன் அக்காவின் மகளுக்கு. அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் நீ. மணப்பெண் மாதா கோயில் வாசலில் காரிலிருந்து இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கி, உள்ளே அழைத்துப் போக வேண்டியவன். நீ வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திவிடலாம், ஃபோட்டோவிலும் குறை தெரியாது என்று உன் அக்கா சமாதானம் சொல்கிறாள். கல்யாணப் பெண் மட்டும் எழுந்து போய்விட்டாள். உன் முதுகில் தொற்றிக்கொண்டே குன்னூர் சிம்ஸ் பார்க் முழுவதும் சுற்றியவள் அவள். அப்போது உனக்கு எந்தப் பதவியும் கிடையாது. மீசையே ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

பெங்களூரில் அந்தப் பெரிய கம்பெனியில் நீ வைஸ் பிரசிடென்டாக இருந்தாய். ஒருநாள் காலை கூப்பிட்டு, ஆட்களைக் குறைக்கிறோம் என்று சொல்லி, கட்டடத்துக்குள் நுழைகிற அட்டையை வாங்கிக்கொண்டார்கள். "அட்டையோட சேத்து முகத்தையும் குடுத்துட்டு வந்துட்டாருங்க அத்தை," என்றாள் உன் மனைவி. அதிகம் பேசாத பெண், ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

உன்னை அப்படி வளர்த்தவள் நான்தான். அதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்த நல்லது அது. வீட்டுக்கு யார் வந்தாலும் நீ நேராக நின்று, பெயர், வகுப்பு, ராங்க் மூன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை உன் அப்பா தினசரியைக் கீழே இறக்கிவிட்டு, "ஏம்மா, பையன் என்ன ஏலத்துக்கு வந்த தேயிலைப் பெட்டியா? கிரேடு சொல்லிச் சொல்லி விக்கறே?" என்று கேட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம். அவருக்கென்ன, குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவை பார்த்துத் தரம் சொல்கிற வேலை. வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளிலிருந்து கரண்டி கரண்டியாகச் சத்தம் போட்டு உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். கான்வென்டில் சூப்பைக்கூடச் சத்தமில்லாமல் குடிக்கப் பழகிய எனக்கு, என் கணவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உறிஞ்சுகிறார் என்பதை ஏற்றுக்கொள்ளவே காலம் பிடித்தது. எந்த எஸ்டேட் தேயிலை என்று எழுதிய சீட்டை அவர் கவிழ்த்து வைத்திருப்பார். குடித்துத் துப்பிய பிறகுதான் திருப்பிப் பார்ப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "பேரை மொதல்ல பாத்துட்டா நாக்கு தேயிலையை விட்டுட்டுப் பேரைக் குடிச்சுட்டு வந்துரும்," என்றார். நான் அதை ஒரு தொழில் தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அவ்வளவுதான் நினைத்திருப்பார். அவரை ஞானியாக்க எனக்கு விருப்பமில்லை; தினமும் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போகிற மனிதர்.

இனி நான் சொல்ல வந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போயிருந்தேன். முன்வரிசையில் நடைபாதை ஓரமாக இருப்பது என் இடம் என்பது எங்கள் பங்குக் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். அன்று அங்கே யாரோ வெளியூர்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். நான் நின்றாலே எழுந்துவிடுவார்கள். இவர்கள் எழவில்லை. புதிதாக வந்திருக்கும் இளம் ஃபாதர் பீடத்திலிருந்தபடியே மைக்கில், "பாட்டி நிக்கிறாங்க பாருங்க, யாராச்சும் கொஞ்சம் எடம் குடுங்க," என்றார்.

பாட்டி. இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கையெழுத்தைத் திருத்தியவள் நான். தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் பீடியை மறைக்கிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். எனக்கு முன்பின் தெரியாத ஒரு பையன், அங்கி போட்டிருக்கிற ஒரே காரணத்தால், என்னைப் பாட்டி என்கிறான். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பூசை முடியும்வரை உதடுகூட அசையவில்லை. முடிந்ததும் செலினுக்காகக் காத்திருக்காமல், எஸ்டேட் வழியாகப் போகும் குறுக்குப் பாதையில் குடையை ஊன்றிக்கொண்டு தனியாக இறங்கினேன். உன் அப்பா போன பிறகு அவர் தங்கையோடுதான் எங்கும் போய்வருகிறேன். அன்று அவளும் வேண்டாமென்று இருந்தது.

பனி இறங்கியிருந்தது. கீழே இருந்து சுருள் சுருளாக ஏறி வந்து சில்வர் ஓக் மரங்களின் உச்சியை முதலில் விழுங்கி, பிறகு தண்டையும் விழுங்குமே, அந்தப் பனி. நான்கு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஃபாதரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். நல்ல வாக்கியங்கள், ஒவ்வொன்றும் கத்தி. பாதை திரும்புகிற இடத்தில் சரிவின் மேல் தட்டிலுள்ள தேயிலை என் தலை உயரத்துக்கு இருக்கும், உனக்கு நினைவிருக்கும். அங்கே செடிகளின் அடியில், வெறும் தண்டுகளுக்கு நடுவே, நான்கு வெள்ளை சாக்ஸ் தெரிந்தன. முழங்கால்வரை சரியாக இழுத்துவிட்ட, மடிப்பில்லாத வெள்ளை சாக்ஸ். அதற்கு மேலே எல்லாம் பனி.

பள்ளி வாசலில் எத்தனை வருடம் நின்று சாக்ஸ் பார்த்திருக்கிறேன்! இரண்டு பிள்ளைகள் பூசைக்கு மட்டம் போட்டுவிட்டு ஒளிந்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். சாக்ஸ் சுத்தமாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"யாரது அங்கே? முன்னால வா," என்றேன்.

சாக்ஸ் அசையவில்லை.

"கூப்பிடறது காதுல விழலையா? நான் யாருன்னு தெரியுதா இல்லையா?"

மைக் இல்லாமல் மைதானத்தின் கடைசி வரிசைவரைக்கும் போகிற என் பழைய குரலில்தான் கேட்டேன். அதற்குக் கீழ்ப்படிந்து முன்னால் வந்தது ஒரு காட்டெருமை.

செடிகள் விலகிய சத்தம் பெரிதாகக்கூட இல்லை. முதலில் தலை வந்தது. பிறகு கழுத்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. முதுகு ஒரு மேடு போல எழுந்து பனிக்குள் போய், எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டிலிருந்து பாதையில் இறங்கி, என் குடையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. நம் ஊர்க்காரர்களுக்குக் காட்டெருமை புதிதல்ல. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும், தோட்டத்தில் மேயும். கேட்டைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். ஜன்னல் வழியாகப் பார்ப்பது பார்ப்பதே அல்ல என்று அன்று தெரிந்தது. கொம்பின் அடி பழைய பியானோக் கட்டை போல மஞ்சளாக இருந்தது. நெற்றியில் சாம்பல் நிற மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு பனித்துளி. மூக்கிலிருந்து ஆவி வந்தது. ஈரப் புல்லும் மண்ணும் கலந்த வாசனையோடு அந்த மூச்சு என் முகத்தில் பட்டது, சூடாக இருந்தது.

அது என்னைப் பார்த்தது. மகனே, என் ஆயுசில் அப்படி ஒரு பார்வை என்மேல் விழுந்ததில்லை. பயத்தோடு என்னைப் பார்த்திருக்கிறார்கள், மரியாதையோடு, வெறுப்போடு, அன்போடும்கூட. ஒவ்வொன்றிலும் நான் யார் என்பது பார்க்கிறவர் கண்ணுக்குள் ஏற்கெனவே எழுதியிருக்கும். இந்தக் கண்ணில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. கறுப்பாக, ஆழமாக, ஓரத்தில் கொஞ்சம் வானத்தின் வெளிச்சத்தோடு இருந்தது. தலைமை ஆசிரியை என்பதை அந்தக் கண் எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டி என்பதையும் எடுத்துக்கொள்ளவில்லை. முன்வரிசையும் கடைசி பெஞ்சும் அதற்கு ஒன்றுதான். உன் அப்பாவின் மனைவி, உங்கள் இருவரின் அம்மா என்று நான் மனதுக்குள் நீட்டிப் பார்த்த எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. எல்லாம் போய்விட்டால் நான் இருக்க மாட்டேன் என்று பயந்தேன்.

ஆனால் இருந்தேன்! இதைத்தான் உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஜன்னலோரம் நின்றேன். எல்லாம் உதிர்ந்த பிறகும் அங்கே ஒருத்தி நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயதில்லை. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால், ஒரு மழை நாளில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, ஓட்டு விளிம்பிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள். அன்றும் தான் யார் என்று அவள் நினைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கு நான் அரக்கு நிறப் பட்டும் மூக்குக் கண்ணாடியும் பதவியும் மாட்டி வெளியே அனுப்பி, பிறகு அவளையே மறந்துபோனேன். அவள் காத்திருந்திருக்கிறாள். கோபம்கூடப் படாமல் காத்திருந்திருக்கிறாள்.

பயம் எப்போது போனது என்று தெரியாது. பனி கொஞ்சம் நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன், அது தனியாக வரவில்லை. எனக்கு மேலேயும் கீழேயும் தேயிலைக்கு நடுவே கறுப்பு முதுகுகள் நகர்ந்துகொண்டிருந்தன. நான் மந்தையின் நடுவில் நிற்கிறேன். செம்பழுப்பு நிறத்தில் ஒரு கன்று பாதையைக் கடக்கும்போது நின்று, என் குடையை முகர்ந்து பார்த்து, தும்மிவிட்டுப் போனது. தேயிலைச் செடிகளின்மேல் சிலந்தி வலைகள், ஒவ்வொரு வலையிலும் நீர் கோத்திருந்தது. எத்தனை வருடமாக அந்தப் பாதையில் நடக்கிறேன்! அங்கே அவ்வளவு வலைகள் இருப்பது எனக்குத் தெரியாது. பூசையில் வாய் திறக்காதவள், அங்கே நின்று, வார்த்தையே இல்லாமல் ஜெபித்தேன். யாரிடமும் எதையும் கேட்காத ஜெபம்.

இதைப் படித்துவிட்டு யாரும் காட்டெருமைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டாம். ஆட்களைக் குத்தித் தூக்கியிருக்கிறது. நான் பிழைத்தது என் பக்தியாலும் அல்ல, தைரியத்தாலும் அல்ல.

பின்னாலிருந்து செலினின் குரல் மெதுவாகக் கேட்டது. "அண்ணி, அப்படியே நில்லுங்க. பேசாதீங்க. உங்களுக்கு அது கஷ்டந்தானுங்க, ஆனாலும் பேசாதீங்க."

பேசவில்லை. பெரியது என்னை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி, கன்று போன வழியே கீழே இறங்கியது. கடைசியாகத் தெரிந்தவை அந்த வெள்ளைக் கால்கள்தான். முழங்காலுக்குக் கீழே வெளுப்பாக இருப்பது அவற்றின் பிறவி நிறம். இத்தனை காலம் இந்த மலையில் இருந்தும் நான் அதை சாக்ஸாக நினைத்ததில்லை.

செலின் ஓடி வந்து என் கையையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அடி கிடி பட்டுச்சுங்களா?"

"இல்லை."

"யாரையோ அதட்டற மாதிரி கேட்டுச்சுங்களே? அதுக்குத்தான் ஓடியாந்தேன்."

"அதைத்தான் அதட்டினேன்."

"என்னன்னுங்க?"

"நான் யாருன்னு தெரியுதா இல்லையான்னு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஈரத்தைக்கூடப் பார்க்காமல் பாதையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அது உங்க ஸ்கூல் புள்ளைங்க இல்லீங்க அண்ணி! சரி, அது என்ன சொல்லுச்சு?"

"பக்கத்துல வந்து நல்லாப் பாத்துச்சு. தெரியலைன்னுட்டுப் போயிருச்சு."

சொல்லும்போதே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அவள் பக்கத்தில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்தேன். இரண்டு கிழவிகள், சேற்றில். பனி விலகி, கீழே மேட்டுப்பாளையம்வரை சமவெளி திறந்து கிடந்தது. வெயில் அங்கே ஏதோ ஒரு ஏரியில் பட்டு மின்னியது. செலின்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு ஃபாதரிடம் நானே இந்தக் கதையைச் சொன்னேன். ஆங்கிலக் கத்திகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "பாட்டி, அப்போ காட்டெருமைகூட உங்களுக்கு பயந்துருச்சா?" என்றார். பாட்டி என்பது ஒரு சொல்லாகத்தான் காதில் விழுந்தது. ஆனால் அந்த வெளியூர்க்காரர்கள் போய்விட்டார்கள், முன்வரிசை காலியாக இருந்தது, நான் போய் அங்கேயே உட்கார்ந்தேன். ஒரே காலையில் துறவியாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மறுநாளே பால்காரரிடம் சண்டை போட்டேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவள் உள்ளே இருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். தெரிந்த பிறகு மற்றதெல்லாம் உடுப்பு போல ஆகிவிடுகிறது. போட்டுக்கொள்ளலாம், கழற்றலாம், யாராவது பிடுங்கிக்கொண்டாலும் தோல் உரிவதில்லை.

உன்னிடமிருந்து பிடுங்கினார்கள். வலிக்கும். வலிக்கவில்லை என்று சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் நீ திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நாற்காலி போனதோடு நீயும் போய்விட்டாய் என்று உட்கார்ந்திருக்கிறாயே, அது பொய். போனவன் வைஸ் பிரசிடென்ட். குழாயை மூடாமல் தண்ணீர் சுழலுவதையே பார்த்துக்கொண்டிருந்து என்னிடம் அடி வாங்கிய ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்கு வேலை இருந்ததே இல்லை. அவனை யாரும் வேலையிலிருந்து எடுக்க முடியாது.

கல்யாணப் பத்திரிகையை இதோடு அனுப்பியிருக்கிறேன். நம் வழக்கப்படி பெயருக்குப் பின்னால் படிப்பும் பதவியும் போட்டுத்தான் முதலில் எழுத ஆரம்பித்தேன். உன் பெயருக்கு நேரே வந்ததும் கை நின்றது. முதலில் உன்னைக் காப்பாற்றத்தான் நினைத்தேன். எல்லோருடையதையும் எடுத்துவிட்டால் உன் இடத்தில் குறை தெரியாதே என்று. அதனால் என் எம்.ஏ., எம்.எட். தொடங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க மேடம், டிகிரி இல்லாம ஒரு பத்திரிகைங்களா? சம்பந்தி ஊட்டுல பொண்ணு வீடு படிக்காத குடும்பம்னு நெனச்சுக்குவாங்க," என்றார். உன் அக்கா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. "எம் பேருக்கு முன்னால இருக்கற டாக்டரை எடுத்துட்டா அப்புறம் நான் யாரும்மா?" என்றாள். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் தன் பெயருக்குப் பின்னால் 'ஓய்வு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டே தீர வேண்டும் என்றார். எதிலிருந்து என்று சொல்லாமல் வெறும் ஓய்வு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அச்சாகி வந்ததும் எடுத்துப் பார்த்தேன். உன்னை மறைப்பதற்காகச் செய்தது அப்படியே மறந்துபோய்விட்டது. வெறும் பெயர்கள், ஒன்றின்கீழ் ஒன்றாக. ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றும்போது நம் ஒவ்வொருவரையும் கூப்பிட்ட பெயர்கள். நம் குடும்பத்தை அவ்வளவு அழகாக நான் ஒருபோதும் பார்த்ததில்லை. நடுவில் உன் பெயர் இருக்கிறது. வேண்டுமானால் இந்தக் கடிதத்தில் நான் எழுதாத பெயரை அங்கே படித்துக்கொள்.

எங்கே இருக்கீங்க என்று கேட்பார்கள். கேட்கட்டும். "இங்கேதான் இருக்கேன்," என்று சொல். அது உண்மையாக இருக்கும்படி வந்து நில். நான் யாரிடமும் உன்னை அறிமுகப்படுத்தப்போவதில்லை, பக்கத்தில் நிற்பேன். தாய்மாமன் என்பதற்காகக்கூட வர வேண்டாம். கார் கதவு திறக்கும்போது அந்தப் பெண் ஒரு கையைத் தேடுவாள். அந்தக் கைக்குப் பதவி தேவையில்லை.

முந்தைய நாள் சாயங்காலமே வந்துவிடு. மறுநாள் விடிந்ததும் அந்தக் குறுக்குப் பாதையில்தான் கோயிலுக்கு ஏறுவோம். காட்டெருமை இருக்காது, அதை எதிர்பார்க்காதே, சிலந்தி வலைகள் இருக்கும். நீ பின்தங்கி வந்தாலும் பரவாயில்லை, திருப்பத்தில் நான் நிற்பேன். சாக்ஸ் மட்டும் வெள்ளையாக, சரியாக இழுத்துவிட்டு வா. சாக்ஸ் பார்க்கிற பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பனிக்குள் முதலில் சாக்ஸ்தான் தெரியும். இந்தமுறை யாரது என்று கேட்க மாட்டேன்.

அம்மா